மூன்றாம் புள்ளி

கீழே கோதுமை ஓடுகிறது. சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். கோதுமை என்றால் மாவு மில் ஒரே சீராக உறுமும், இந்த மாடி அறையின் தரை முதுகுக்கடியில் லேசாக அதிரும், அரிசி என்றால் அதோடு ஒரு கிறீச் சேரும், மிளகாய் என்றால் காதே வேண்டாம், மூக்கு சொல்லிவிடும். மிளகாய் மட்டும் வேண்டாம் மாதா. இன்னும் அரை மணி நேரத்துக்குப் பாலக்கரையில் ஒருத்தரும் மிளகாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு இந்த மில்லுக்கு வர வேண்டாம். தும்மினால் தொலைந்தேன், தையல் போட்ட இடமெல்லாம் ஒன்றாகச் சுண்டி இழுக்கும், உள்ளே போனதுகூட வெளியே வந்துவிடும். இன்னும் ஒன்றும் உள்ளே போகவில்லை, அதற்குள் என்ன பயம். பாயை விரித்து, மேலே ரப்பர் ஷீட் போட்டு, இடுப்புக்கடியில் தலையணை வைத்து, முட்டியை மடக்கிக் காலை அகட்டி, ஆஸ்பத்திரியில் சொன்ன மாதிரியே எல்லாம் செய்தாகிவிட்டது. கதவு தாழ் போட்டிருக்கிறது, எழுந்து போய் மறுபடியும் பார்த்துவிட்டு வந்து படுத்தேன். பிரேமாம்மா படியிறங்கிப் போன சத்தம் கேட்டது, ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கிற அந்தச் செருப்பு. காந்தி மார்க்கெட்டில் பச்சைப் புடவை, பச்சை வளையல், சடங்குக்குப் பால் எல்லாம் வாங்கி வர வேண்டும் அவளுக்கு. நாளைக்கு விடியும் முன்னால் எனக்குப் பால் ஊற்றுகிறார்கள், ஆபரேஷன் முடிந்த நாற்பதாம் நாள் சடங்கு. பிரேமாம்மா என்னைப் பெற்றவள் இல்லை. திருநங்கைகள் நாங்கள் கூடுகிற ஜமாத்தில் நாலு பேர் முன்னால் மடியில் உட்கார வைத்து இவள் என் மகள் என்று சொன்னவள், பெற்றவளைவிட அதிகம் திட்டுகிறவள், பெற்றவளைவிட அதிகம் சோறு போட்டவளும் அவள்தான். அவள் திரும்பி வருவதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும், மூன்றாம் புள்ளி வரை போகிறதா இல்லையா என்று.

மாப்பிள்ளை பக்கத்தில் துண்டின் மேல் படுத்திருக்கிறார். நான் வைத்த பெயர். டைலேட்டர் என்றுதான் பெனிட்டா சிஸ்டர் சொன்னாள், சென்னை ஆஸ்பத்திரியில் எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த நர்ஸ். வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் உருளை, நுனியிலிருந்து வரிசையாகப் புள்ளிகள். அதைக் கையில் கொடுத்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, இவர்தான் மாப்பிள்ளையா சிஸ்டர், பொண்ணு பாக்கவே வரலியே என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "மாப்பிள்ளைய தெனமும் மூணு வேளை கவனிக்கணும், கோவிச்சுக்கிட்டுப் போனா திரும்ப மாட்டாரு" என்றாள். அப்புறம் சிரிக்காமல் சொன்னாள். "இது உங்க மனசுக்குத்தாங்க புது உறுப்பு. உடம்புக்கு அது தெரியாது. உடம்பப் பொறுத்த வரைக்கும் இது புண்ணு. புண்ண மூடத்தான் அது பாக்கும். நீங்க விட்டீங்கன்னா மூடிரும்." மூடினால் மறுபடி ஆபரேஷன், இந்தத் தடவை குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து. குடலில். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து சாப்பிடும்போதெல்லாம் சோறு எங்கே போகிறது என்று நினைத்துக்கொள்கிறேன். இன்று காலையில் பாத்ரூமுக்குள் குழாயைத் திறந்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொன்னதும் அவசரமாகச் சொன்னாள். "இன்னிக்கே வெச்சுப் பாருங்க. ரெண்டாவது புள்ளி தாண்டலேன்னா உடனே பஸ் ஏறிருங்க. நாளைக்கு நாளன்னிக்குன்னு சொல்லாதீங்க அபர்ணா." ஆஸ்பத்திரியில் இருந்தவரை மூன்றாம் புள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டுதான், ஆனாலும் போனது.

கண்ணாடி வேண்டும். கண்ணாடி இல்லாமல் கண்டபடி தள்ளக் கூடாது, பக்கத்திலேயே மூத்திர வழி இருக்கிறது, அதில் இடித்துவிட்டால் வேறு வினை. தலையணை உறைக்குள் கையை விட்டு எடுக்கிறேன், பவுடர் டப்பாவின் மூடி, உள்ளங்கை அளவுக் கண்ணாடி. இத்தனை நாளும் இதன் மேல்தான் தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன், பிரேமாம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அழுவாள். இந்த ஆபரேஷனுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் நிர்வாணம். நிர்வாணமானவள் நாற்பது நாளுக்கு முகம் பார்க்கக் கூடாது, தலை வாரக் கூடாது, ஆம்பளை முகத்தில் முழிக்கக் கூடாது, பால் குடிக்கக் கூடாது. கடைசி நாளில் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, பச்சைப் புடவை கட்டி, தலையில் பால் குடத்தை வைத்துக் கூட்டிப்போய்க் காவிரியில் ஊற்றச் சொல்லி, அப்புறம் கண்ணாடியை முகத்துக்கு நேராகப் பிடிப்பார்கள். அப்போது தெரிவது என் முகம் இல்லை, சேவல் மேல் உட்கார்ந்திருக்கிற எங்கள் சாமி, மாதாவின் முகம். அதற்கு முன்னால் பார்த்துவிட்டால் பழைய முகமே நிலைத்துவிடும். இதை யார் நம்புவார்கள் என்று கேட்டால் நான் நம்புகிறேன், பன்னிரண்டாவது படித்திருக்கிறேன், நம்புகிறேன். பிரேமாம்மா பீரோக் கண்ணாடி மேல் போர்வையைக் கட்டினாள், சுவர்க் கண்ணாடியைக் கழற்றிக் கீழே மில்காரர் வீட்டில் கொடுத்தாள், சில்வர் தட்டில் முகம் தெரியும் என்று எனக்கு இலையில்தான் சோறு. ஆஸ்பத்திரிக்காரி பார் பார் என்கிறாள், இவள் பாராதே பாராதே என்கிறாள், நடுவில் படுத்துக் கிடக்கிறவள் நான். அதனால் கண்ணாடியைக் கீழே பார்க்கச் சாய்த்துத்தான் பிடிக்கிறேன், என் முகம் எந்தப் பக்கத்திலும் விழாதபடி, வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரியைப் பார்க்காத மாதிரிப் போவோமே, அப்படி.

ஜெல்லைப் பூசுகிறேன். சில்லென்று இருக்கிறது. கண்ணாடியில் தெரிவது எனக்கு இன்னும் பழகவில்லை, வீக்கம் வடிந்திருக்கிறது, கறுப்பும் சிவப்புமாக, ஓரத்தில் தையல் நூல் கரையாமல் ஒரு துணுக்கு. என்னுடையது. எத்தனை வருஷம் கேட்டு வாங்கியது, இதைப் பார்த்தால் சந்தோஷம்தான் வர வேண்டும், சந்தோஷம் இருக்கிறது, எங்கேயோ அடியில், அதற்கு மேல் பயம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நுனியை வைத்து மூச்சை விடு என்றாள் சிஸ்டர், மூச்சை இழுத்துப் பிடித்தால் உள்ளே சதை இறுகிக்கொள்ளும், விடு, விடு. விடுகிறேன். போகவில்லை. கதவைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விட்ட வீடு மாதிரி. ஊருக்கு வந்த புதிதில் ஒரு தடவை செய்தேன், எடுத்தபோது துணியில் ரத்தம், ஒரு ஸ்பூன்கூட இருக்காது, ஆனால் பிரேமாம்மா பார்த்துவிட்டாள்.  "புண்ணப் போயிக் குத்திக்கிட்டே இருந்தா எப்பிடிடி ஆறும்? எந்தப் புருஷனுக்குடி இவ்வளவு பாடு? விடு, மாதா பாத்துப்பா." அவள் காலத்தில் டாக்டர் கிடையாது. தாயம்மா என்ற கிழவி ஒருத்தி, ஒரு கத்தி, காய்ச்சின எண்ணெய். பிரேமாம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி படுத்திருந்தாளாம், அவளுக்கு விடியவே இல்லை. ஓடுகிற ரத்தம் நிற்க வேண்டும், புண் மூட வேண்டும், இந்த இரண்டையும் தவிர பிரேமாம்மாவுக்கு வேறு எதையும் வேண்டிக்கொள்ளத் தெரியாது, அவள் பிழைத்ததே அப்படித்தான். மாப்பிள்ளையைத் துணியில் சுற்றிப் பரண் மேல் போட்டாள். வெந்நீர் வைத்தாள், வேப்பிலை போட்டாள், மஞ்சள் அரைத்தாள், பாத்ரூம் வரை என்னைத் தூக்கிக்கொண்டு போனாள், அந்த இழுக்கிற காலை வைத்துக்கொண்டு. எனக்கும் வலியிலிருந்து தப்பித்தால் போதும் என்று இருந்தது. வலி குறையக் குறைய நான் தேறி வருவதாக இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

யாருக்காக என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். யாருக்காகவும் இல்லை. ஒரு ஆளும் இல்லை எனக்கு, இருந்தாலும் அவனுக்காக இல்லை. என் வீட்டில் ஒரு அறை இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அதில் யாரையும் குடிவைக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் அழுத்துகிறேன். நுனி நுழைந்தது. எரிகிறது, பச்சை மிளகாய் நறுக்கின கையைக் கண்ணில் வைத்த மாதிரி, மிளகாயை நினைக்காதே, கோதுமை, கீழே கோதுமைதான். யாரோ மில்காரரிடம் சண்டை போடுகிறாள், "நைஸா அரைங்கண்ணே, போன தடவை சப்பாத்தி வாயில நறநறங்குது." சிரிப்பு வருகிறது, சிரித்தால் இறுகும். காதைத் தொட்டுக்கொள்கிறேன். பயம் வந்தால் காது மடலைத் திருகுவது என் பழக்கம். எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே நாளில் சமயபுரத்தில் வைத்துக் காது குத்தினார்கள், மாமா மடியில், இரண்டு பேருக்கும் மொட்டை, இரண்டு பேரும் ஒரே மாதிரி கத்தினோமாம். கொஞ்ச நாளில் அப்பா என் கடுக்கனைக் கழற்றிவிட்டார், ஆம்பளைப் பிள்ளைக்குச் சாமிக்குக் குத்தினதோடு சரி. தங்கச்சி காதில் வேப்பங்குச்சி. தூர்ந்து போகாமல் இருக்க அதைத் தினமும் அம்மா தேங்காயெண்ணெய் தொட்டுத் திருகுவாள், தங்கச்சி அழுவாள், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், எனக்கும் திருகும்மா என்பேன். துடைப்பக் குச்சியை ஒடித்து நானே செருகிக்கொண்டேன். அப்பா பார்த்ததும் பிடுங்கி எறிந்துவிட்டு அறைந்தார், காதிலேயே. தூர்ந்தது. தூர்ந்துபோன இடத்தில் சின்னதாக ஒரு குழி மட்டும், விரலால் தடவினால் தெரியும், பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போதெல்லாம் தடவிக்கொண்டிருப்பேன். அப்புறம் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பிரேமாம்மாதான் அதே குழியில் ஊசியை வைத்துக் குத்தினாள், வேப்பங்குச்சி செருகினாள், காலையும் சாயந்தரமும் திருகினாள். "அழுவுடி, நல்லா அழு, நான் விட மாட்டேன்" என்பாள். விடவில்லை. இப்போது ஜிமிக்கி போட்டால் அந்தக் காது எவ்வளவு கனத்தையும் தாங்குகிறது.

முதல் புள்ளி உள்ளே போய்விட்டதா என்று பார்க்கக் கண்ணாடியைத் திருப்பினேன், விரலெல்லாம் ஜெல், வழுக்கிவிட்டது. வயிற்றின் மேல் விழுந்து புரண்டு நெஞ்சில் வந்து நின்றது, நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பார்த்துவிட்டேன். ஒரு நொடி. தாடி. முடி பிடுங்கக் கூடாது என்று இத்தனை நாளாக விட்டிருந்த தாடி, கன்னமெல்லாம் திட்டுத் திட்டாக, மோவாயில் அடர்த்தியாக, வாராத தலை சடை பிடித்து, கண் உள்ளே போய், நோயில் படுத்த ஒரு ஆள். யாருடா நீ என்று கேட்கத் தோன்றியது. கண்ணாடியைக் கவிழ்த்தேன், கவிழ்த்து என்ன பிரயோஜனம். கையால் தடவும்போதெல்லாம் தெரிந்ததுதானே, ஆனால் கைக்குத் தெரிவது வேறு. கீழே நான், மேலே அவன். கீழே மூடிக்கொண்டு வருகிறது, மேலே அவன் முளைத்துக்கொண்டு வருகிறான். நாளைக்கு எல்லோருமாகச் சேர்ந்து இவனைப் பிடுங்கி எடுத்து மஞ்சள் பூசி மாதா என்று கும்பிடுவார்கள், நானும் பிரேமாம்மாவின் காலில் விழுவேன், அவள் அழுவாள், பாட்டுப் பாடுவார்கள், அதற்குள் உள்ளே இன்னும் கொஞ்சம் தூர்ந்திருக்கும். பார்த்ததால்தானோ. பார்த்ததற்கும் தூர்வதற்கும் என்ன சம்பந்தம், தூர ஆரம்பித்தது எப்போதோ, இப்போதுதானே பார்த்தாய். ஆனாலும். பழைய முகமே நிலைத்துவிடும் என்று பிரேமாம்மா சொன்னாளே. பேசாமல் இரு. கோதுமை நின்றுவிட்டது. மில்லின் பெல்ட் மட்டும் சும்மா சுற்றுகிறது.

சும்மா சுற்றுகிற பெல்ட்டை எனக்குப் பிடிக்காது, அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாது. கண்ணாடியைத் துடைத்துக் கீழே சாய்த்துப் பிடித்தேன், முதல் புள்ளியைக் காணவில்லை, உள்ளே போய்விட்டது, இரண்டாவது வெளியே நன்றாகத் தெரிகிறது. அழுத்து. மூச்சை விடு. அழுத்து. சுவர் மாதிரி. சதைதான், ஆனால் சுவர் மாதிரி. ஆஸ்பத்திரியில் இதே இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன், இதற்கு அப்பால் இடம் இருந்தது, என்னிடம் இருந்தது, நான்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். அப்போது மூக்கில் ஏறியது. மிளகாய். யாரோ ஒரு புண்ணியவதி கொட்டிவிட்டாள். மூக்கைப் பிடிக்க வேண்டும், ஒரு கையில் கண்ணாடி, ஒரு கை மாப்பிள்ளை மேல், மூன்றாவது கைக்கு எங்கே போவது, கண்ணாடியைப் போட்டுவிட்டு மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தேன், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினேன், மாதா மாதா மாதா, தும்மல் வந்தேவிட்டது. உள்ளே யாரோ கொத்தாகப் பிடித்து முறுக்கின மாதிரி. கண்ணில் தண்ணீர். ஆனால் கையை எடுக்கவில்லை. இரண்டாவது தும்மல், மூன்றாவது, கையை எடுக்கவில்லை. தும்மி முடித்துவிட்டுப் பார்த்தேன். முதல் புள்ளி உள்ளேயே இருக்கிறது. இரண்டாவது வெளியேயே இருக்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது அங்கேயேதான் இருந்தது. அழுதேன், மிளகாய்க்காக அழுகிற மாதிரி அழுதேன், பக்கத்தில் யாரும் இல்லாதபோது எதற்கு இந்த நடிப்பு.

படியில் செருப்பு. ஒரு கால் இழுத்து இழுத்து. இவ்வளவு சீக்கிரமாகவா. எடுத்துவிடு, துணியில் சுற்று, கதவைத் திற, நாளைக்குச் சடங்கு முடியட்டும், அவள் எவ்வளவு ஆசையாக வருகிறாள், ஒரு நாள்தானே. நாளைக்கு நாளன்னிக்குன்னு சொல்லாதீங்க அபர்ணா. கை எடுக்கப் போனது, நின்றது.

"அடியே அபர்ணா, தொறடி. பால் தூக்கு கைய அறுக்குது."

"வெளியவே இரும்மா. அரை மணி ஆகட்டும்."

"என்னடி பண்ற உள்ள?"

"மாப்பிள்ளை" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தூக்கைக் கீழே வைக்கிற சத்தம். கதவில் அவள் முதுகு சாய்கிற சத்தம். அவளும் தும்மினாள்.

"பரண்லேருந்து எடுத்தியா? இந்தப் புண்ண வெச்சுக்கிட்டு ஏறுனியாடி பாவி?"

"மூடிக்கிட்டு வருதும்மா. பாதிகூடப் போகல. நாளைக்குப் பால் ஊத்த முடியாது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"மூடுனா நல்லதுதானேடி." அவள் குரலில் நிஜமான சந்தோஷம் இருந்தது, அதுதான் என்னை வெட்டியது. "மூடணும்னுதானே தெனமும் வெளக்கேத்தி மாதாகிட்ட வேண்டிக்கிறேன். நீ தூங்குனதுக்கப்புறம் உக்காந்து வேண்டிக்கிறேன். எம் புள்ளைக்குச் சீக்கிரம் மூடணும், சீக்கிரம் மூடணும்னு."

கோபம் வந்தது. கத்த வேண்டும் போல, கதவைத் திறந்து அவள் முகத்துக்கு நேராக, ஆம்பளை முகமோ பொம்பளை முகமோ இந்த முகத்தைக் காட்டிக் கத்த வேண்டும் போல. மூச்சை விட்டேன். காதைத் திருகிக்கொண்டேன்.

"அம்மா, என் காது தூர்ந்துபோயி வந்தேன்ல. நீதான் குத்துன."

"ஆமா."

"அந்த மாதிரிம்மா இது. காது மாதிரிதான். குச்சி இல்லேன்னா தூந்துரும்."

கீழே மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது.  வளையல் பை கையிலிருந்து நழுவினது மாதிரி கண்ணாடிச் சத்தம். போய்விட்டாளோ என்று நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து, கதவோடு வாயை ஒட்டி வைத்துப் பேசுகிற மாதிரி கேட்டாள்.

"அப்ப குச்சியப் புடுங்குனது நானாடி?"

  அவள் மூக்கை உறிஞ்சினாள், தும்மலா அழுகையா என்று தெரியவில்லை. அப்புறம் அவளே பேசினாள், திட்டுகிற குரலில்.

"எடுக்காத. அரை மணிய முழுசா முடி. நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன். எந்த பஸ்ஸுன்னு சொல்லு, நானும் வர்றேன்." கொஞ்சம் விட்டு, "கண்ணாடி வெச்சிருக்கியா?"

"இருக்கும்மா."

"பாத்துப் பண்ணு. கண்டபடி குத்திக்காத." அப்புறம் கதவை ஒரு தட்டுத் தட்டினாள். "மூஞ்சிய மட்டும் பாத்துராத, என்ன? அந்தச் சடங்காவது கெடாம இருக்கட்டும்."

"பாக்கலம்மா" என்றேன், கண்ணாடியைக் கீழே சாய்த்து, இரண்டாவது புள்ளியைப் பார்த்துக்கொண்டே.